நாற்பத்திரண்டு அடிச் சரிவு

எங்கள் காலனியில் அப்புசாமி அண்ணன் கையில் டேப்போடு வருவதைக் கண்டால், ஆளாளுக்குத் தங்கள் வேலியைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். நான் குடிவந்த முதல் வாரமே என் வாசலுக்கு வந்துவிட்டார். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் பென்சில், கையில் ஐந்து மீட்டர் இரும்பு டேப்.

"ஏனுங்க சிஸ்டர், உங்க செம்பருத்தி மூணடி நாலு அங்குலம் இருக்குதுங்க. கோவிச்சுக்காதீங்க, நாலு அங்குலந்தான்."

"அண்ணா, அது செடி. வளரத்தான் செய்யும்."

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். வாரம் ஒருக்கா வெட்டிப்போட்டா வளராதுங்க."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து கத்திரியை எடுத்து அவரே வெட்டினார். விழுந்த தழையை அவரே கூட்டி அள்ளிக்கொண்டு போனார். போகும்போது, "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் சண்டை போடுவது கஷ்டம். எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது. சண்டை போடும் பழக்கமும் எனக்கு உண்டு. அவரிடம் மட்டும் முடிந்ததில்லை.

எங்கள் காலனி கருமத்தம்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, குளக்கரையை ஒட்டி இருக்கிறது. முன்பு அந்தக் குளத்தில் வேலிக்காத்தான் முள்தான் இருந்தது. அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் வந்தபின் நிரம்பி நிற்கிறது. மொத்தம் பதினெட்டு சைட். பன்னிரண்டில் வீடு வந்துவிட்டது, ஆறு காலி. சைட் விற்றவர்கள் கூடவே முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் கொடுத்தார்கள். சுவர் வெள்ளை, கூரை ஓடு, காம்பவுண்டுச் சுவர் கூடாது, செடிவேலி மட்டும், அதுவும் மூன்றடி. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் படக்கூடாது. வீட்டுக்கு முன்னால் பதினைந்து அடி இடத்தில் படியும் புல்லும் தவிர எதுவும் இருக்கக்கூடாது.

நாங்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். அப்புசாமி அண்ணன் மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தார். அதனால் அவரே டிசைன் கமிட்டித் தலைவர் ஆனார். போட்டிக்கு யாரும் வரவில்லை.

அவர் பிறந்தது வெள்ளகோவில் பக்கம். பதினேழு வயதில் கருமத்தம்பட்டிக்கு வந்து ஒரு தறிப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு சொந்தமாகப் பதினாறு விசைத்தறி ஓட்டினார். தறியில் ஒரு நூல் அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணி நெடுக ஒரு கோடு ஓடிவிடும். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கோட்டைத் தேடிப் பழகிய கண் அது. எங்கள் காலனியில் வேலி ஒரு அங்குலம் கோணினாலும் அந்தக் கண்ணில் பட்டுவிடும்.

அவர் செய்த பெரிய தப்பும் அந்தக் கவனத்தில்தான் வந்தது. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டுவதில்லை, அதன் மேலேயே புதுசைக் கொட்டுவார்கள். பத்து வருஷத்தில் ரோடு ஏறிவிடும், வீடு பள்ளத்தில் நிற்கும். அண்ணனின் பழைய பட்டறைக்குள் அப்படித்தான் ஒரு மழையில் முழங்கால் அளவுத் தண்ணீர் புகுந்து, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுவதும் நாசமாகிவிட்டது. புத்தகத்தில் வீட்டுத் தரைமட்டம் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி என்று போட்டிருந்தார்கள். அண்ணன் கூட்டம் கூட்டி அதை மூன்றரை அடியாக்கினார். எங்கள் காலனிக்குள் தார் ரோடே கிடையாது, பதித்த கல்தான். அது எந்தக் காலத்திலும் உயரப் போவதில்லை. ஆனாலும் பயம் எல்லோருக்கும் பொதுவானது. பதினெட்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வீடு ஐந்து படி வந்தது.

நான் முப்பத்துநாலு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஆட்களைத் தூக்கி இறக்கியவள். ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே முதியோரைப் பராமரிக்கும் பயிற்சியும் முடித்தவள். நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஐந்து படி என்றால் என்ன என்று எனக்கே அன்று உறைக்கவில்லை.

அண்ணனுக்குப் பக்கத்து வீடு லின்சி, ஜெஃபின் தம்பதி. லின்சி பள்ளிக்கூட டீச்சர், ஸ்கூட்டரில் போய் வருகிறவள். வண்டி வெயிலில் நிற்கிறதே என்று படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவு கட்டி, வண்டியை வீட்டு முன்வராந்தாவில் ஏற்றி நிறுத்தினாள். மூன்றாம் நாள் அண்ணன் டேப்போடு போனார். முன்பக்கத்துப் பதினைந்து அடியில் சரிவு கட்டக்கூடாது, விதி பதினான்கு. இடிக்க வேண்டியதாகிவிட்டது. இடித்த கல்லை அண்ணனே கூடையில் சுமந்து வெளியே கொட்டினார். அதன்பிறகு லின்சி அவரைப் பார்த்தால், "குட்மார்னிங் அங்கிள்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வண்டி வெயிலிலேயே நின்றது.

போன ஆடி மாதம் ராசாத்தாளுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணனின் மனைவி, அறுபத்தாறு வயது. அதுவரை தினமும் காலையில் குளக்கரையில் நாலு நடை நடப்பாள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது முதல் எந்த நாரை எந்த மரத்தில் அடைகிறது என்பது வரை அவளுக்குத் தெரியும். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நல்லவேளையாகப் பேச்சு போகவில்லை. போயிருந்தால் காலனியே ஊமையாகியிருக்கும்.

பத்தொன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலி படி ஏறாதே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் தீபக், ஜெஃபின், ஆம்புலன்ஸ் டிரைவர், அண்ணன் என்று நாலு பேர் தூக்கினார்கள். மூன்றாவது படியில் நாற்காலி சாய்ந்தது. விழவில்லை. ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தேன்.

கட்டிலில் கிடத்தியதும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "இனி என்னய யாரும் தூக்கக்கூடாது. இறங்குனா நானா இறங்கறேன். இல்லீன்னா நாலு பேரு பாடையில தூக்கறப்ப இறங்கிக்கறேன்."

சொன்னதைச் செய்கிற பெண் அவள். மூன்று மாதம் வெளிவாசலைத் தாண்டவில்லை.

தினமும் பத்து மணிக்கு நான் போய்க் கை கால் பயிற்சி கொடுத்தேன். முதல் மாதம் செய்தாள். இரண்டாம் மாதம் சாக்கு சொன்னாள். மூன்றாம் மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"காலை மடக்கு ராசாத்தா."

"வெளிய போகாத காலுக்கு எதுக்குங்க சிஸ்டர் பயிற்சி? உள்ள கெடக்கறதுக்கு இந்தக் காலே போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். அன்று அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் பேசினேன்.

"அண்ணா, இந்த நோய்க்கு முதல் ஆறு மாசம்தான் முக்கியம். மூணு போயிருச்சு. அவ வெளியே போகணும். போற வழி இருந்தாத்தான் காலை அசைப்பா. வீட்டுக்குச் சரிவு கட்டுங்க."

அண்ணன் பென்சிலை எடுத்து காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டார். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று நான் சொன்னேன். மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடி. முன்னால் இருப்பதோ பதினைந்து அடி. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன்றரை அடியா உட்டிருந்தா பதினெட்டு அடியில முடிஞ்சிருக்குமுங்க."

"ஆமா."

"நாந்தானுங்க ஏத்துனேன்."

"நானும் கையெழுத்துப் போட்டேன். இப்ப என்ன செய்யலாம்னு பாருங்க."

அவர் முதலில் பார்த்தது ஒரு பலகையை. பழைய பட்டறையில் கிடந்த பத்தடித் தேக்குப் பலகையைக் கொண்டுவந்து படிமேல் சாய்த்தார். நேரடியாக மனைவியை ஏற்றுகிற ஆள் இல்லை அவர். சக்கர நாற்காலியில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை வைத்துக் கயிற்றால் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டு இறக்கினார். பாதிப் பலகையில் பிடி நழுவியது. நாற்காலி பாய்ந்து இறங்கி, புல்லைக் கடந்து, என்றும் மூன்றடி தாண்டாத அவர் வேலியை உடைத்துக்கொண்டு ரோட்டில் போய்க் கவிழ்ந்தது. அரிசி ரோடெல்லாம் கொட்டியது.

உள்ளே ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக ராசாத்தாள் சிரித்தாள்.

"ஏனுங்க! அது சிப்பமுங்களா, நானுங்களா?"

"சிப்பந்தான் புள்ள."

"அப்ப சரி. நான் போயிட்டனாக்கும்னு நெனச்சுப்போட்டேன்."

அண்ணன் அரிசியைக் கூட்டிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

மறுநாள் திருமூர்த்தி மேஸ்திரியை வரவழைத்தார். காலனியில் பாதி வீடுகளைக் கட்டியவர். சுற்றிப் பார்த்துவிட்டு வழி இருக்கிறது என்றார். ரோட்டிலிருந்து ஆரம்பித்து, வீட்டுப் பக்கவாட்டில் நெடுக ஏறி, சமையலறைக் கதவில் போய்ச் சேரலாம். ஆனால் பக்கவாட்டில் அண்ணனுக்குச் சொந்தமான ஐந்தடியில், சமையலறைக் கதவுக்குச் சற்று முன்புவரை, செப்டிக் டேங்க் மூடிகள் வரிசையாக இருக்கின்றன. அதன்மேல் கட்ட முடியாது. அதைத் தாண்டினால் இருப்பது லின்சி வீட்டு ஐந்தடி.

"அந்தம்மிணி சரீன்னா நாளைக்கே கோடு போட்டுறலாமுங்க," என்றார் மேஸ்திரி.

அண்ணன் முகம் சுருங்கியது. மேஸ்திரி போனபின் என்னிடம், "அந்தப் புள்ளையோட சரிவ இடிச்சுப்போட்டு, அந்தப் புள்ளைகிட்டயே போய் எனக்குச் சரிவுக்கு எடங் குடுன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க கேக்கறது?" என்றார்.

"இருக்கிற மூஞ்சியை வெச்சுத்தான்."

மூன்று நாள் சாயங்காலம் போனார். நான் என் வீட்டிலிருந்து பார்த்தேன். முதல் நாள், பள்ளிக்கூடத்தில் பரீட்சை எப்போது என்று கேட்டுவிட்டு வந்தார். இரண்டாம் நாள், தண்ணீர் சரியாக வருகிறதா என்று கேட்டார். மூன்றாம் நாள் ஒரு கூடை முருங்கைக்காய் கொடுத்தார். எதைக் கேட்க வேண்டுமோ அதைத் தவிர எல்லாம் கேட்டார். லின்சியும் ஒவ்வொரு நாளும், "சரிங்க அங்கிள், தேங்க்ஸுங்க அங்கிள்," என்றாள்.

நானே லின்சியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடித்தவர் அவர், கேட்க வேண்டியவரும் அவர்தான்.

ராசாத்தாள் அந்த வாரம் பாதிச் சாப்பாட்டோடு தட்டைத் தள்ள ஆரம்பித்தாள். அதையும் அண்ணனிடம் சொன்னேன். எத்தனை இட்லி, எத்தனை கவளம் என்று எண்ணிக்கையோடு சொன்னேன். அளவு சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் குளத்தோரக் கொட்டகையில் எங்கள் கூட்டம் நடக்கும். அன்று அண்ணன் தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றார். கையில் ஒரு விண்ணப்பம். கமிட்டித் தலைவருக்கு என்று எழுதி, அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார்.

"தலைவருக்கே தலைவர் எழுதுனதுங்களா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. படித்தார். விதி பதினான்கிலிருந்து ஏழாம் நம்பர் வீட்டுக்கு விலக்கு வேண்டும் என்று படித்தார். சரிவின் நீளம், அகலம், உயரம் எல்லாம் படித்தார். எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் இடத்தில் நாலு அடி தேவைப்படும் என்ற இடத்தில் குரல் நின்றது. தாளை மடித்தார்.

"லின்சி அம்மணி, ரெண்டு வருசத்துக்கு முன்னால உம்பட சரிவ நான் இடிச்சேன். விதிப்படிதான் இடிச்சேன். அன்னைக்கு நீ வெயில்ல வண்டி நிக்குதுன்னு சொன்னே. எனக்கு அது காதுல ஏறல. டேப்பு மட்டுந்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு எம்பட ஊட்டுக்குள்ள ஒருத்தி கெடக்கறா. எறக்க வழியில்லீங். எடங் குடுத்தாத்தான் முடியும். இல்லீன்னாலும் தப்பில்ல. கேக்கோணும்னு கேட்டுப்போட்டேன்."

லின்சி எழுந்தாள். அழுவாளோ திட்டுவாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"அங்கிள், அந்த டேப்பைக் குடுங்க."

கொடுத்தார். அவள் டேப்போடு நேரே தன் வீட்டுப் பக்கவாட்டுக்கு நடந்தாள். கூட்டமே பின்னால் போனது. ஜெஃபினை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தாள்.

"நாலு அடி பத்தாதுங்க அங்கிள்."

"நாற்காலிக்குப் போதுமுங்க அம்மணி. மூணடியே போதும்."

"ஆன்ட்டி நாற்காலிக்குப் போதும். என் ஸ்கூட்டருக்கு? அஞ்சடியும் எடுத்துக்குங்க. மேலே ரெண்டு சமையல்கட்டுக்கும் நடுவுல சமமா ஒரு மேடை போட்டுருங்க. ஒரு பக்கம் ஆன்ட்டி திரும்பட்டும், ஒரு பக்கம் என் வண்டி நிக்கட்டும். மேலே ஓடு போடறதுக்கு விதியில இடம் இருக்குங்களா, இல்ல அதையும் இடிப்பீங்களா?"

அண்ணன் கை சட்டைப் பையிலிருந்த பென்சிலுக்குப் போனது. பழக்கதோஷத்தில் எந்த விதி என்று தேடியிருப்பார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"கைப்பிடிக்கு விதிப்படி என்ன கலருங்க அங்கிள்?" என்றாள் லின்சி. அப்போதுதான் முதல் ஆளாக ஜெஃபின் சிரித்தான். பிறகு எல்லோரும்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. அண்ணன் கை மட்டும் உயரவில்லை. விண்ணப்பம் போட்டவர் ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம்.

திருமூர்த்தி மேஸ்திரி பன்னிரண்டு நாளில் கட்டி முடித்தார். சிமெண்ட் காய்ந்து இறுகும்வரை காலையும் மாலையும் அண்ணனே நனைசாக்குப் போட்டுத் தண்ணீர் விட்டார். ராசாத்தாளின் கட்டிலைச் சமையலறைப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். கதவு வழியே அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியைத் திட்டினாள், சாந்து தண்ணியாக இருக்கிறது என்றாள். நான் கேட்காமலேயே காலை மடக்கினாள். எட்டு முறை. தட்டு காலியானது.

இறங்குகிற நாள் வந்தது. அண்ணன் முதலில் இரண்டு சிப்பத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. "மூணாவது சிப்பத்த எப்ப எறக்குவீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளை மாற்றும்போது யாரும் தூக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, அவளே எழுந்து திரும்பி உட்கார்ந்தாள். சரிவில் ஆளைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால், பிடி நழுவும்போது ஆள் குப்புற விழுவார். அண்ணனிடம் நாற்காலியைக் கொடுத்து, நான் எதிரில் நின்று அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

"ஏனுங்க சிஸ்டர், கொளத்தப் பாக்கலாமுன்னு கூட்டியாந்து, இந்த ஊட்டையே பாக்க வெக்கறீங்க? மாசக்கணக்கா இதத்தானே பாத்தேன்?"

"கீழே போனதும் திருப்பறேன். வாயை மூடு."

"வாய் மட்டுந்தானே நல்லா இருக்குது, அதையும் மூடச் சொன்னா எப்படி?"

நாற்பத்திரண்டு அடி. அண்ணனின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அடியை எண்ணிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

மதகுப் பக்கம் வண்டி போகிற பாதையில் சுற்றிக் குளக்கரை மேல் ஏறினோம். காலைக் காற்று. தண்ணீரில் நாரைகள் நின்றன. ராசாத்தாள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் எனக்கு நாடி பிடித்துப் பார்க்கத் தோன்றும். பிடித்தேன். சரியாக இருந்தது.

பிறகு, "திருப்புங்க," என்றாள். திருப்பினோம். கரைக்குக் கீழே எங்கள் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, ஐந்து படி. எல்லாம் ஒன்றுபோல.

"இதுல நம்மூடு எதுங்க?"

அண்ணன் கண்ணைச் சுருக்கினார். இடமிருந்து எண்ணினார். காலி சைட்டைச் சேர்ப்பதா விடுவதா என்று தடுமாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பாருங்க சிஸ்டர், கமிட்டித் தலைவருக்கே அவரூடு தெரியல." அவள் வலது கையை நீட்டினாள். "அதா. அந்தச் சரிவு இருக்குதுல்ல, அதுதான்."

அப்போது லின்சியின் ஸ்கூட்டர் அந்தச் சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்தார். அப்புறம் அவர் பார்வை வரிசையின் கடைசிக்குப் போனது, வீடு வராத ஆறு சைட்டுகளுக்கு.

"அடுத்த கூட்டத்துல இன்னொரு விண்ணப்பம் வெக்கோணுமுங்க சிஸ்டர்," என்றார். "அந்த ஆறுக்கும் தரைமட்டம் ஒன்றரை அடி."

"நான் கையெழுத்துப் போடறேன்," என்றேன். "இந்தத் தடவை படிச்சுட்டு."

இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். முதல் நாளுக்கு அதுவே அதிகம். மறுநாள் முப்பது என்று குறித்துக்கொண்டேன்.